வழி தவறிய நாள்களில் கற்றவை

ஒவ்வோர் ஆண்டும் ஆடி, ஆவணி மாதங்களில் என்னைத் தேடிச் சில மாணவர்கள் வருவார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரியும். கூடவே பெற்றோரும் வருவார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டி எத்தனை கிலோ வரை இருக்கலாம்? பிரஷர் குக்கர் கொண்டுபோக விடுவார்களா? தங்குமிடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்களா? பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எத்தனை மாதம் தாங்கும்?

அத்தனையும் நியாயமான கேள்விகள். ஆனால், இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 'அந்த ஊர் மக்கள் என்ன சாப்பிடுவார்கள்?' என்பதுதான் அது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் போனேன். 2006-ஆம் ஆண்டு, தருமபுரி மாவட்டத்தின் மானாவாரிக் காட்டிலிருந்து, இத்தாலியின் வடகிழக்கு மூலையிலுள்ள ட்ரியெஸ்தே என்ற துறைமுக நகரத்துக்கு இயற்பியல் படிக்கச் சென்றேன். நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தான் அறிவியலாளர் அப்துஸ் சலாம், வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கென 1964-இல் அங்கே தொடங்கிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம், எங்களைப் போன்ற மாணவர்களுக்கு ஓராண்டுப் படிப்பை உதவித்தொகையோடு வழங்கிவருகிறது. என் பெட்டியில் பாதி இடத்தைப் புத்தகங்களும் மீதியை அம்மா கட்டிக்கொடுத்த பொடிகளும் அடைத்திருந்தன.

அந்த ஓராண்டில் வகுப்பறையில் கற்ற சமன்பாடுகளில் பலவற்றை இன்று புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பேருந்து மாறி ஏறியதாலும், ரயில் நின்றுபோனதாலும் கற்ற இரண்டு பாடங்கள் மட்டும் புத்தகம் இல்லாமலே நினைவில் நிற்கின்றன. அவற்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எட்டு நாள் கடை: ட்ரியெஸ்தே நகரம் கடலுக்கும் மலைக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். பின்புறம் சட்டென்று எழும் சுண்ணாம்புப் பாறைப் பீடபூமிக்குக் கார்சோ என்று பெயர். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்து எண்ணைத் தவறாகப் படித்து ஏறிவிட்டேன். கடற்கரையோரம் போகவேண்டிய வண்டி வளைந்து வளைந்து மலையேறியது. பதறிப்போய் ஒரு சிற்றூரில் இறங்கினேன். திரும்பும் பேருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்று அங்கிருந்த கால அட்டவணை சொன்னது.

ஊர்ப்பெயர்ப் பலகையில் இரண்டு மொழிகள் இருந்தன. ஒன்று இத்தாலி மொழி, மற்றது ஸ்லோவேனியம். தெருமுனையில் ஒரு கம்பத்தில் பச்சைக் கொடியின் கிளையொன்றைக் கட்டி, அதன் கீழே சிவப்பு வண்ணத்தில் ஓர் அம்புக்குறி வைத்திருந்தார்கள். எந்தக் கடையின் பெயரும் இல்லை. ஏதோ திருவிழா என்று எண்ணி அம்புக்குறி காட்டிய திசையில் நடந்தேன். அடுத்த திருப்பத்தில் இன்னொரு கிளை, இன்னோர் அம்பு. கடைசியில் ஒரு விவசாயியின் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். மரத்தடியில் நீண்ட பலகை மேசைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பெயர் ஒஸ்மிசா. ஸ்லோவேனிய மொழியில் 'ஓசெம்' என்றால் எட்டு. 1784-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் பிறப்பித்த ஓர் ஆணையில் இதன் வேர் இருக்கிறது. விவசாயிகள் தங்கள் சொந்த விளைச்சலையும் திராட்சை மதுவையும் இடைத்தரகர் இல்லாமல் தங்கள் வீட்டிலேயே விற்றுக்கொள்ள அந்த ஆணை அனுமதித்தது. ஆண்டுக்கு எட்டு நாள்கள் என்ற கணக்கிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். விற்பனை நடக்கும் நாள்களில் வழிப்போக்கருக்குத் தெரியும்படி பச்சைக் கிளையைக் கட்டவேண்டும். சரக்கு தீர்ந்தால் கிளை இறங்கிவிடும். பேரரசு 1918-இல் மறைந்துவிட்டது. ஆனால், கிளை கட்டும் வழக்கம் இன்றும் மறையவில்லை. இப்போது எட்டு நாள்களைத் தாண்டியும் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் வெவ்வேறு வாரங்களில் முறை வைத்துத் திறக்கிறது.

உணவுப் பட்டியல் மிக எளிமையானது. அந்த வீட்டில் விளைந்ததும் செய்ததும் மட்டும்தான். வேகவைத்த முட்டை, பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய்க் காய்கள், பதப்படுத்திய பன்றி இறைச்சி, வீட்டு மது. நான் முட்டையும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டேன். மது வேண்டாம் என்று கையசைத்ததும் மேசைக்கு ஒரு குவளைத் தண்ணீர் வந்தது. யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை.

எதிரே அமர்ந்திருந்த, தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர் ஒருவர், தன் பேத்தியின் ஆங்கில உதவியோடு என்னிடம் பேசினார். அவர் பிறந்தபோது அந்த ஊர் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. பள்ளிக்குப் போனபோது இத்தாலி. இளைஞராக இருந்தபோது ஜெர்மானியர் பிடித்தார்கள். 1945-இல் சில வாரங்கள் யூகோஸ்லாவியப் படையின் கையில் இருந்தது. பிறகு நேச நாடுகளின் ராணுவ ஆட்சி. 1954-இல் மீண்டும் இத்தாலி. "நான் இந்த வீட்டைவிட்டு எங்கும் குடிபோகவில்லை, நாடுகள்தாம் வந்து வந்து போயின" என்றார். முசோலினியின் ஆட்சியில் அவருடைய தாய்மொழிப் பள்ளிகள் மூடப்பட்டதையும், குடும்பப் பெயர்களைக்கூட இத்தாலிய வடிவத்துக்கு மாற்றியதையும் பேத்தி விவரித்தார். அந்தக் காலத்தில் மொழி எங்கே உயிரோடிருந்தது என்று கேட்டேன். பெரியவர் கையால் மேசையைத் தட்டிக் காட்டினார். சாப்பிடும் இடத்தில் பேசும் மொழியை எந்த அரசாலும் ஒழிக்க முடியவில்லை என்பதே அவர் சொன்ன பதில்.

நான் அன்று போக நினைத்திருந்தது மிரமாரே கோட்டைக்கு. அது எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம். கடற்பாறை மேல் வெண்மையாக நிற்கும் அந்தக் கோட்டைக்குப் பின்னர் பலமுறை போனேன். அழகுதான். ஆனால், அந்த மண்ணின் நூறாண்டு வரலாற்றை எனக்குச் சொன்னது கோட்டை அன்று. பேருந்து தவறியதால் கிடைத்த அந்த முற்றம்தான்.

கண்ணாடி டம்ளரில் காப்பி: அந்த நாளுக்குப் பிறகு நகரத்தின் உணவைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். 1719-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் ட்ரியெஸ்தேயைச் சுங்கவரியற்ற துறைமுகமாக அறிவித்தார். அதன் விளைவாக நாலா திசை மக்களும் அங்கே குடியேறினார்கள். அவர்கள் வந்த தடம் தட்டில் தெரியும். 'யோத்தா' என்ற அந்த ஊர் கெட்டிச் சாற்றில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பீன்ஸ் பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றும் சேரும். புளித்த கோஸ் ஜெர்மானிய, ஸ்லாவிய வழக்கம். பீன்ஸும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அந்தக் கிண்ணத்தை ஊர் தன்னுடையது என்கிறது. அதில் பொய்யும் இல்லை. நம் சாம்பாரில் மிளகாய் சேர்ந்த கதையும் அதுதானே?

துறைமுகத்தில் காப்பிக்கொட்டை மூட்டைகள் வந்திறங்கும். புகழ்பெற்ற இல்லி காப்பி நிறுவனம் 1933-இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான். இந்தியக் காப்பியை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் இருக்கிறது என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன். காப்பிக்கு அந்த ஊரில் தனி அகராதியே உண்டு. பால் கலக்காத எஸ்பிரெஸோவுக்கு 'நேரோ', அதாவது கறுப்பு என்று பெயர். சிறு கோப்பையில் கொஞ்சம் பால் சேர்த்தால் 'காப்போ'. அதையே சின்னக் கண்ணாடி டம்ளரில் கேட்டால் 'காப்போ இன் பி'. 'பி' என்பது டம்ளரைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. வெளியூர் இத்தாலியருக்கே இது விளங்காது. எங்கள் ஊர் டீக்கடை டம்ளரின் தம்பியைப்போல் இருந்த அந்தக் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபோது, நான்கு மாதங்களில் முதன்முறையாக அந்நிய உணர்வு விலகியது.

இன்னொரு செய்தியும் மாணவர்களுக்குப் பயன்படும். இத்தாலியக் காப்பிக் கடையில் பலகை முன்னே நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் வேறு விலை. உணவகங்களில் ரொட்டிக்கும் மேசைத் துணிக்கும் என்று தலைக்கு ஒரு தொகை சேர்ப்பதும் உண்டு. பலகையில் எழுதியிருக்கும் விலைப்பட்டியலைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், மாணவரின் பணப்பை தாங்கும்.

ரயில் நின்ற ஊர்: இரண்டாவது பாடம் மார்ச் மாதத்தில் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் எனக்கு நல்லவையாக இல்லை. 'போரா' என்று பெயர் பெற்ற குளிர்காற்று அந்த நகரத்தில் ஆளையே தள்ளிவிடும். அந்தக் காற்றில் அறைக்குள் முடங்கிக் கிடந்தேன். தேர்வில் ஒரு பாடம் கைவிட்டுப் போயிற்று. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பிவிடலாம் என்று இருமுறை பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். எங்கள் தெருவில் முதன்முதலாக விமானம் ஏறியவன் நான். திரும்பிப் போய் என்ன சொல்வது என்ற அச்சம்தான் என்னைத் தடுத்தது.

ஒரு மாற்றம் இருக்கட்டுமே என்று ஆஸ்திரியாவின் வில்லாக் நகருக்கு ஒருநாள் பயணமாக ரயிலேறினேன். வழியில் வேலைநிறுத்தம். இத்தாலியில் அது அரிதான செய்தியன்று. முன்னரே அறிவித்துவிடுவார்கள். எனக்குத்தான் அறிவிப்பைப் படிக்கும் மொழியறிவு இல்லை. உதினே நகருக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், ஜெமோனா என்ற ஊரில் வண்டி நின்றது. மாலைவரை அடுத்த ரயில் கிடையாது.

வேறு வழியின்றிப் பழைய ஊரை நோக்கி மேட்டில் ஏறினேன். அங்கிருந்த பேராலயத்தின் முகப்பில் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரக் கற்சிலை ஒன்று இருந்தது. பயணிகளின் காவலராகக் கிறிஸ்தவர்கள் போற்றும் புனித கிறிஸ்தோபர் அவர். ஊர் முழுவதும் பழைமையான தோற்றம். ஆனால், கற்களின் இணைப்புகள் மட்டும் புதியவையாகத் தெரிந்தன. காரணம் பிறகுதான் விளங்கியது. 1976 மே 6-ஆம் நாள் இரவு, பிரியூலி என்னும் அந்தப் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். மிஞ்சிய சுவர்களையும் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அதிர்வுகள் சாய்த்தன. முதலில் தொழிற்கூடங்கள், பிறகு வீடுகள், அதற்குப் பிறகே தேவாலயங்கள் என்று வரிசை வகுத்துக்கொண்டு மக்கள் ஊரை மீட்டார்கள். பக்கத்து ஊரான வென்சோனேயில், இடிந்த பேராலயத்தின் கற்களைத் தேடியெடுத்து, எண்ணிட்டு, பழைய இடத்திலேயே பொருத்திக் கட்டினார்கள்.

பசி எடுத்தது. ஒரு சிறிய உணவகத்தில் நுழைந்து, இறைச்சி இல்லாமல் ஏதாவது வேண்டும் என்று அரைகுறை இத்தாலியத்தில் கேட்டேன். அன்று பங்குனி மாதச் சனிக்கிழமை. எங்கள் வீட்டு வழக்கப்படி அந்த நாளில் அசைவம் இல்லை. உணவகத்தை நடத்திய அம்மையார் என்னைச் சமையலறை வாசலுக்கே அழைத்துப்போய்க் காட்டினார். பெரிய செம்புப் பாத்திரம் ஒன்றில் மஞ்சள் நிற மாவு கொதித்துக்கொண்டிருந்தது. நீண்ட மரக்கோலால் ஒருவர் அதை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அதை வட்டமான மரப்பலகையில் கவிழ்த்தார்கள். ஆவி பறக்க ஒரு பெரிய உருண்டையாக அது அமர்ந்தது. ஒரு நூலை அடியில் கொடுத்து இழுத்து, துண்டு துண்டாக அறுத்தார்கள்.

நான் அசையாமல் நின்றுவிட்டேன். அது களி.

களி தின்னிகள்: அவர்கள் அதைப் பொலெந்தா என்கிறார்கள். மக்காச்சோள மாவுக் களி. எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களி. துடுப்பு ஒன்றுதான், கிண்டும் கையின் அசைவு ஒன்றுதான், கட்டி தட்டாமல் பார்க்கும் கவனமும் ஒன்றுதான்.

இங்கே என் வாழ்க்கையின் ஒரு வெட்கத்தைச் சொல்லவேண்டும். பள்ளி நாள்களில் கீரைக் கடைசலோடும் மொச்சைக் குழம்போடும் களி உண்டு வளர்ந்தவன் நான். கல்லூரிக்காகச் சென்னைக்குப் போனபோது விடுதியில் ஒருநாள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. களி என்று சொன்னேன். "ஏன்டா, ஜெயில்ல இருந்தா வந்தே?" என்று ஒருவன் கேட்க, அறையே சிரித்தது. சிறைக்குப் போவதைக் 'களி தின்பது' என்று சொல்லும் வழக்கம் நம் மொழியில் இருக்கிறது அல்லவா? அதன்பிறகு யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் இட்லி, தோசை என்றே சொல்லிவந்தேன். அம்மா விடுதிக்கு வந்தபோது தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்த களியை யாரும் பார்க்கும் முன் மூடி வைத்தேன். அவர் அதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஜெமோனாவில் அந்த அம்மையாரிடம், எங்கள் ஊரிலும் இது உண்டு, ஆனால் நகரத்தில் சொல்ல வெட்கப்படுவோம் என்றேன். அவர் சிரித்தார். தெற்கு இத்தாலியர் வடக்கத்தியரை ஏளனமாக அழைக்கும் சொல் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். 'பொலெந்தோனி' என்பது அது. நேராகத் தமிழில் சொன்னால், களி தின்னிகள். அவருடைய பாட்டனார் காலத்தில் பொலெந்தா ஏழைகளின் உணவு. வேறொன்றும் கிடைக்காததால் மூன்று வேளையும் அதையே தின்றார்கள். பிழைப்புக்காக இளைஞர்கள் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று அதே பொலெந்தா, உருளைக்கிழங்கும் மொந்தாசியோ பாலாடைக்கட்டியும் சேர்த்து மொறுமொறுப்பாக வறுத்த 'ஃபிரிக்கோ'வோடு, விருந்தினருக்கு வைக்கும் முதல் தட்டாகிவிட்டது.

அன்றிரவு தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் கண்ணு, மாவு போடறப்ப அவங்களுக்குக் கட்டி தட்டாதா?" மழைத்தூறல்போல மாவைத் தூவிக்கொண்டே கிண்டுகிறார்கள் என்றேன். "அப்போ கை தெரிஞ்சவங்கதான்" என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூடி வைத்த தூக்குப் பாத்திரத்தை அன்றுதான் திறந்தேன் என்று எனக்குத் தோன்றியது. படிப்பை விட்டுவிடும் எண்ணமும் அதோடு போயிற்று.

தானியம் வந்தது, அறிவு வரவில்லை: கதை அங்கே முடியவில்லை. மறுநாள் உணவுக்கூடத்தில் இதைச் சொன்னபோது, உடன் படித்த மெக்சிகோ மாணவி குறுக்கிட்டார். "தானியத்தை எங்களிடமிருந்து எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்" என்றார். அது என்ன என்று தேடிப் படித்தேன்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். அங்குள்ள பழங்குடி மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, பிறகே அரைப்பார்கள். அப்போதுதான் அதிலுள்ள நயாசின் என்னும் பி வகை உயிர்ச்சத்து உடலில் சேரும். ஐரோப்பியர் 16-ஆம் நூற்றாண்டில் விதையைக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு முறையைக் கொண்டுவரவில்லை. வடக்கு இத்தாலியின் ஏழை உழவர்கள் பொலெந்தாவை மட்டுமே தின்று வாழவேண்டிய நிலை வந்தபோது, தோல் வெடித்தது, வயிறு கெட்டது, மனம் பேதலித்தது. 'கரடான தோல்' என்ற பொருளில் 'பெலாக்ரா' என்று 18-ஆம் நூற்றாண்டில் அந்த நோய்க்கு இத்தாலிய மருத்துவர் ஒருவர் பெயரிட்டார். தொற்றுநோய் என்றும் கெட்டுப்போன தானியத்தின் நஞ்சு என்றும் பலகாலம் வாதம் நடந்தது. அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவுக் குறைபாடே காரணம் என்று நிறுவினார். 1937-இல்தான் நயாசினுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பு தெளிவானது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே காணப்பட்ட இதே நோயை, ஐதராபாதில் ஊட்டச்சத்து ஆய்வை வழிநடத்திய சி. கோபாலன் 1960-களில் ஆராய்ந்தார். ஒரே தானியத்தை நம்பும் வறுமையே இதன் வேர். நல்லவேளையாக எங்கள் வீட்டுக் களியோடு கீரையும் பயறும் எப்போதும் இருந்தன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு என்பதையும் நான் படித்தது அப்போதுதான். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று 2023-ஆம் ஆண்டை ஐ.நா. அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, விடுதி அறையில் சிரித்த நண்பர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவர் இப்போது சென்னையில் கேழ்வரகுக் களி கிடைக்கும் உணவகங்களின் பட்டியலை எனக்கு அனுப்புகிறார்.

ஒரு வேலைநிறுத்தமும் ஒரு தட்டுப் பொலெந்தாவும் என்னை மருத்துவ வரலாறு, வேளாண்மை, புலம்பெயர்வு, ஊட்டச்சத்து என்று எத்தனை வாசல்களுக்கு இட்டுச் சென்றன! எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை. எந்தப் பயண நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை.

இன்றைய நிலை: இன்றைய மாணவர்களுக்கு இது எளிதன்று என்பதை அறிவேன். எனக்கு உதவித்தொகை இருந்தது. இன்று செல்லும் பலர் வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கிப் போகிறார்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்ய முடியும். அந்த வருமானம் வாடகைக்கே சரியாகிவிடுகிறது. 'படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?' என்று வீட்டிலிருந்து கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் வேறு. ஆகவே வகுப்பு, வேலை, அறை என்ற முக்கோணத்துக்குள் நாள்கள் கழிகின்றன. இரண்டு ஆண்டுகள் ஒரு நகரத்தில் வாழ்ந்தும், அந்த ஊர்க்காரர் ஒருவரோடுகூட ஒரே மேசையில் அமர்ந்து உண்ணாமல் திரும்பும் மாணவர்களை எனக்குத் தெரியும். தனிமை அவர்களை எப்படித் தின்கிறது என்பதையும் அறிவேன். நானே அந்தக் குளிர்காலத்தில் அதன் விளிம்புவரை போனவன்.

மறுபுறம், பயணம் போகிறவர்களையும் கைப்பேசி கட்டிப்போடுகிறது. நட்சத்திர மதிப்பெண் பார்த்து, எல்லாரும் போகும் அதே பத்து இடங்களில், எல்லாரும் நிற்கும் அதே வரிசையில் நிற்கிறார்கள். கூட்டம் தாங்காமல் வெனிஸ் நகரம் 2024-இல் பகல்நேரப் பயணிகளுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணமே கொண்டுவந்தது. அங்கிருந்து ரயிலில் இரண்டு, மூன்று மணி நேரத் தொலைவில்தான் கார்சோவின் முற்றங்களும் ஜெமோனாவின் செம்புப் பாத்திரமும் இருக்கின்றன.

எதிர்பாராமை என்பது பொறுப்பின்மை அன்று. கடைசிப் பேருந்தின் நேரம், தங்குமிட முகவரி, மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடியிருப்பு அனுமதி ஆகியவை எப்போதும் கையில் இருக்கவேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களும் குறிப்பிட்ட உணவைத் தவிர்ப்பவர்களும் அதை உள்ளூர் மொழியில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு காட்டலாம். வேண்டாததை வேண்டாம் என்று சொல்வதில் தவறில்லை. கேட்டு அறியாமலே வேண்டாம் என்பதுதான் இழப்பு. அந்த முற்றத்தில் மதுவை மறுத்த எனக்குத் தண்ணீரும் ஒரு நூற்றாண்டின் கதையும் கிடைத்தன.

செலவும் நாம் அஞ்சும் அளவுக்கு ஆகாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பேருந்தின் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கலாம். வாரச் சந்தைக்குப் போய், பெயர் தெரியாத ஒரு காயைக் காட்டி, இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று விற்பவரைக் கேட்கலாம். மாடிப்படியில் தினமும் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் வீட்டுச் சுண்டலைக் கொடுத்துப் பார்க்கலாம். பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வருவது அரிது. பெற்றோரும் வாராந்தரத் தொலைபேசியில் 'சாப்பிட்டாயா?' என்பதோடு, 'இந்த வாரம் புதிதாக என்ன சாப்பிட்டாய்?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வியில் ஓர் அனுமதி இருக்கிறது. பிள்ளைகள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

இப்போது என்னிடம் விடைபெற வரும் மாணவர்களுக்கு எங்கள் வீட்டில் மதிய உணவு உண்டு. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு. எண்பதை நெருங்கும் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பக்குவம் சொல்ல, கிண்டுவது நான். 'போகிற ஊரிலும் இதற்கு ஓர் உறவுக்காரன் இருப்பான், தேடிப் பார்' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். பெட்டியில் இருபது கிலோ பொடி கொண்டுபோகட்டும், அதில் பிழையில்லை. அதில் ஒரு மூலையை மட்டும் வெறுமையாக விட்டுவைத்தால், திரும்பி வரும்போது அது நிறைந்திருக்கும்.